ஒரு பலகைதான் வாங்க முடியும்: லாங்போர்டா, பேடில்போர்டா?

கேள்வி: வயது 42, எடை 78 கிலோ. வார இறுதிகளில் கோவளம் போய் வாடகைப் பலகையில் சர்ஃபிங் பழகுகிறேன். உடைந்த நுரை அலையில் எழுந்து நிற்க வருகிறது. சொந்தமாக லாங்போர்டு, அதாவது நீளமான சர்ஃபிங் பலகை, வாங்க நினைக்கிறேன். நின்றபடி துடுப்புப் போடும் பேடில்போர்டு வாங்கினால் இரண்டுக்கும் ஆகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அலை இல்லாத நாளிலும் பேடில்போர்டை உப்பங்கழியில் இறக்கி ஒரு மணி நேரம் துடுப்புப் போடலாம். லாங்போர்டு அன்றைக்குச் சுவரில்தான் சாய்ந்திருக்கும். இடுப்பளவுகூட வராத சின்ன அலையையும் பேடில்போர்டு முன்கூட்டியே பிடித்துவிடும். துடுப்பு தரும் வேகம் அப்படி.

ஆனால் நீங்கள் பழகுவது சர்ஃபிங். அதற்கு லாங்போர்டுதான் வாங்கச் சொல்வேன். முக்கியக் காரணம், அலையைத் தாண்டி உள்ளே போவது. நம் கிழக்குக் கரையில் அலை பல நாள் மணலுக்குப் பக்கத்திலேயே மொத்தமாக மடிந்து விழும். லாங்போர்டில் படுத்துப் போகும்போது எதிரே நுரை வந்தால், இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துப் பலகையோடு கவிழ்ந்துகொள்ளலாம். அலை மேலே உருண்டு போனதும் திரும்பிப் படுத்துத் தொடரலாம். 30 அங்குல அகலமும் பத்துக் கிலோ கனமும் உள்ள பேடில்போர்டில், கையில் துடுப்பையும் வைத்துக்கொண்டு அதைச் செய்வது பெரும்பாடு. நுரை அதைப் பிடுங்கி எறிந்தால் பின்னால் வருகிறவர் மேல்தான் போய் விழும். தண்ணீரில் குழந்தைகள் பழகும் கரையில் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் திருப்பம். லாங்போர்டின் அகலம் 22, 23 அங்குலம்தான். பின்காலை அழுத்தினால் திரும்பும், முன்னால் நடந்து போனால் ஓடும். பேடில்போர்டிலும் துடுப்பை ஊன்றித் திருப்பலாம், ஆனால் அந்தப் பழக்கம் கைவர நாளாகும். காற்றடைக்கும் பேடில்போர்டு அலைக்கு வேண்டவே வேண்டாம். ஆறு அங்குலத் தடிமனில் ஓரம் உருண்டையாக இருப்பதால் அலைமுகத்தில் பிடிப்பே கிடைக்காது.

உங்கள் எடைக்கு 9 அடி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல் நீளம், 70 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு பாருங்கள். மேற்பரப்பு மெத்தென்ற சாஃப்ட்போர்டு என்றால் இன்னும் நல்லது, விழுந்தாலும் அடி குறைவு. காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிறு பலகை நீளத்துக்கு இருக்க வேண்டும்.

பழைய பலகை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஃபைபர் பூச்சுள்ளது என்றால் நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. பலகைக்கு அடியில் ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு) பொருத்தும் குழியைச் சுற்றி வெடிப்போ மஞ்சள் கறையோ தெரிந்தால், தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டது. அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.