உரைபெயர்ப்புத் தேர்வுக்கு ஆங்கிலம் கேட்டுப் பழகும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆங்கிலச் செய்தி கேட்கிறாள், மூன்று மாதமாகியும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை, "என் காதே சரியில்லை" என்று அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா, அல்லது உரைபெயர்ப்புத் துறையே, அதாவது ஒருவர் பேசுவதைக் கேட்டு வேறொரு மொழியில் வாயால் சொல்லும் தொழிலே, அவளுக்கு வேண்டாமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் இப்போதே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேச்சு எந்த இடத்தில் அவளிடமிருந்து நழுவுகிறது என்று தெரியாமல் சொல்லும் யோசனை, அவளுடைய அடுத்த மூன்று மாதத்தையும் தின்றுவிடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் ஓர் ஆங்கில உரையாடலில் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளட்டும். முதலில் ஒரே முறை கேட்டுவிட்டு, புரிந்ததைத் தமிழில் சொல்லித் தொலைபேசியில் பதிவு செய்யட்டும். பிறகு அதே ஒரு நிமிடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் எழுதட்டும். கடைசியில் எழுத்து வடிவத்தோடு இரண்டையும் ஒப்பிடட்டும். எழுதியதே தவறாக இருந்தால் சிக்கல் காதில். எழுதியது சரி, ஆனால் பொருள் விளங்கவில்லை என்றால் சிக்கல் சொல்லறிவிலோ துறை அறிவிலோ இருக்கிறது. எழுதியதும் சரி, பொருளும் தெரியும், தமிழில் மட்டும் விடுபட்டிருக்கிறது என்றால் நினைவிலோ தமிழிலோ தேட வேண்டும். மூன்றும் மூன்று நோய்கள். "இன்னும் கொஞ்சம் கேள்" என்ற ஒரே மருந்தை மூன்றுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் எது குணமாகும்?

என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் "காது சரியில்லை" என்றுதான் சொல்கிறார்கள். இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் பலருக்கும் காது நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் மகளின் அழுகையைக் கண்டு நீங்கள் உடனே கலங்க வேண்டாம் என்கிறேன்.

செய்தி கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் எழுதி வைத்ததைத் திருத்தமாக வாசிக்கிறார். தேர்வில் வருவதோ பெரும்பாலும் மருத்துவரும் நோயாளியும், அதிகாரியும் விண்ணப்பதாரரும் பேசும் பேச்சு. அதில் தயக்கம் இருக்கும், பாதியில் விட்ட வாக்கியம் இருக்கும், "இல்லை, செவ்வாய் அல்ல, புதன்" என்ற திருத்தம் இருக்கும். அளவும் வேறு. ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உரைபெயர்ப்பாளர்களுக்கும் சான்றளிக்கும் நாட்டி (NAATI) அமைப்பு நடத்தும் சிசிஎல் (CCL) என்னும் சமூக மொழித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தமிழும் உண்டு. இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் சுமார் 300 சொற்கள். அவற்றைத் துண்டு துண்டாகத் தருவார்கள். ஒரு துண்டு 35 சொற்களைத் தாண்டாது. இயல்பான ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு துண்டு வெறும் பதினைந்து நொடி. அரை மணி நேரச் செய்தியை மேலோட்டமாகக் கேட்பவருக்கு இந்தப் பதினைந்து நொடியை ஒரு தகவலும் சிந்தாமல் பிடிக்கும் பழக்கம் வராது. உங்கள் மகள் எழுதப்போகும் தேர்வின் துண்டு எவ்வளவு நீளம், திரும்பக் கேட்க எத்தனை முறை அனுமதி என்பதை விதிமுறையில் பார்த்து, அந்த அளவிலேயே பழகச் சொல்லுங்கள்.

சோதனையில் சிக்கல் காதில்தான் என்று தெரிந்தால் இப்படிச் செய்யலாம். நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, முழுதாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பேச்சில் அப்படி இருப்பதில்லை. 'கேன்' என்பது வாக்கியத்துக்குள் 'க்ன்' என்று சுருங்கிவிடும். 'கான்ட்' என்னும் எதிர்மறையில் கடைசி 'ட்' பெரும்பாலும் விழுங்கப்படும்; உயிரொலி மட்டும் முழுதாக நிற்கும். ஆகவே 'ட்' கேட்கிறதா என்று காத்திருப்பவர் ஏமாறுவார். உயிரொலி சுருங்கியதா, நிமிர்ந்து நின்றதா என்று கேட்பவர் தப்பிப்பார். 'முடியும்' என்பதை 'முடியாது' என்று மாற்றிச் சொல்வதைவிடப் பெரிய பிழை இந்தத் தொழிலில் அதிகம் இல்லை. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் இதே போன்ற கண்ணிதான். தனியாகச் சொல்லும்போது பதினைந்துக்கு அழுத்தம் பின்னால், ஐம்பதுக்கு முன்னால். ஆனால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் பதினைந்தின் அழுத்தமும் முன்னுக்கு நகர்ந்துவிடும். அப்போது பெரும்பாலும் இறுதி 'ன்' ஒலிதான் கைகொடுக்கும். நம் எழுத்தில் ஆங்கிலத்தின் k, g இரண்டுக்கும் 'க' ஒன்றுதான், p, b இரண்டுக்கும் 'ப' ஒன்றுதான் என்பதால், இந்த இணை ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில் சிலருக்குத் தடுமாற்றம் உண்டு. அதற்கும் தனியாகப் பழகலாம்.

பழகும் முறை எளிது, சலிப்பானது. ஒரே துண்டை முதல் முறை நிறுத்தாமல், இரண்டாம் முறை நிறுத்தி எழுதி, மூன்றாம் முறை எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். எழுத்து வடிவத்தை முதலிலேயே பார்த்துவிட்டால் கண் வேலை செய்யும், காது ஓய்வெடுக்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை. சிக்கிய ஓர் இடத்தை ஒரு முறை மெதுவாகக் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். உடனே இயல்பான வேகத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

காதைவிட அதிகமாக நம்மவர்களைத் தடுக்கி விழச் செய்வது வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுகிறது. நிபந்தனையும் விலக்கும் பின்னால் தொங்கிக்கொண்டு வருகின்றன. தமிழில் நிபந்தனை முன்னால், வினை கடைசியில். மருத்துவர் "நீங்கள் நாளை வீட்டுக்குப் போகலாம்" என்ற பொருளில் தொடங்குவார். மாணவி அதைத் தமிழில் மனத்துக்குள் கட்டி முடித்துவிடுவாள். அதன் பிறகு 'அன்லெஸ்' என்று ஒரு சொல் விழும். அதோடு காய்ச்சல், இன்று இரவு. "இன்று இரவு மறுபடி காய்ச்சல் வராவிட்டால் நாளை வீட்டுக்குப் போகலாம்" என்று முழு வாக்கியத்தையும் புரட்டிப் போட வேண்டும். முதல் பாதியிலேயே முடிவு கட்டியவளால் அது முடியாது. எதிர்மறையும் இப்படித்தான் ஏமாற்றும். 'ஐ டோன்ட் திங்க்' என்று தொடக்கத்திலேயே வரும் மறுப்பை, "அவர் மருந்து சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்" என்று தமிழில் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆகவே கேட்கும்போது சொற்களைச் சேர்க்காமல், யார், என்ன செய்கிறார், எப்போது, எந்த நிபந்தனையில் என்று பொருளைச் சேர்க்கப் பழக வேண்டும். துண்டு முடிந்த பிறகுதான் தமிழ் வாக்கியம் தொடங்க வேண்டும். இதை ஒரு வாரம் விடாமல் செய்தாலே மாற்றம் தெரியும் என்பது என் அனுபவம்.

எண்கள் வேறொரு தொல்லை. ஆங்கிலம் ஆயிரம், மில்லியன், பில்லியன் என்று போகிறது. நாம் லட்சம், கோடி என்று போகிறோம். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2.3 மில்லியன் என்று கேட்ட நொடியில் 23 லட்சம் என்றும், 450 ஆயிரம் என்று கேட்ட நொடியில் நாலரை லட்சம் என்றும் வாயில் வர வேண்டும். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வாக்கியம் போய்விடும். நேரத்திலும் கவனம் தேவை: பிரிட்டிஷ் பேச்சில் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை, ஆறரை அல்ல. தினமும் ஐந்து நிமிடம் எண்களுக்கென்றே ஒதுக்கட்டும்.

அவளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். விழுந்த இடமும் தடுக்கிய இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உரைபெயர்ப்பை ஆராய்ந்த டானியல் ஜீல், கேட்டல், நினைவு, பேச்சு, இவற்றை ஒருங்கிணைத்தல் என்று கவனம் பங்குபோடப்படுவதாக விளக்கினார். ஒன்று அதிகம் எடுத்துக்கொண்டால் மற்றொன்றுக்குப் பற்றாக்குறை வரும். ஒரு கடினமான எண்ணையோ பெயரையோ பிடிக்க மனம் முழுவதையும் செலவிட்டால், அதற்கு அடுத்து வரும் மிக எளிய வாக்கியம் காணாமல் போகும். பிழை அங்கே தெரியும். காரணம் அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருக்கும். "இவ்வளவு சுலபமான வாக்கியத்தையா விட்டேன்" என்று உங்கள் மகள் தன்னை நொந்துகொள்வது இதனால்தான் இருக்கலாம். ஒரு நோட்டில், விட்ட வாக்கியத்தோடு அதற்கு முந்தைய வாக்கியத்தையும் எழுதி வரட்டும். இரண்டு வாரத்தில் ஒரு பாங்கு தெரியும்: எண்களுக்குப் பின், அறியாத சொல்லுக்குப் பின், நீண்ட நிபந்தனைக்குப் பின் என்று.

அறியாத சொல்லுக்கு மருந்து ஹெட்போனில் இல்லை. பிணை, அடமானம், அறுவை சிகிச்சைக்கு முன் பெறும் ஒப்புதல் இவையெல்லாம் நடைமுறையில் எப்படி நடக்கின்றன என்று தெரியாதவருக்கு, அவற்றைப் பற்றிய பேச்சு எவ்வளவு தெளிவாக ஒலித்தாலும் விளங்காது. வாரத்துக்கு ஒரு துறை போதும். முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்கட்டும். அடுத்து என்ன வரும் என்று ஓரளவு எதிர்பார்க்க முடிந்தால் காதின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஐந்து மணி நேரம் என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தயவுசெய்து குறைக்கச் சொல்லுங்கள். மாநாடுகளில் உடனுக்குடன் உரைபெயர்ப்பவர்கள் இருவராக அமர்ந்து, ஏறக்குறைய இருபது முதல் முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறிப் பேசுகிறார்கள். பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே அவ்வளவுதான் தாங்கும். கற்றுக்கொள்ளும் பெண் இடைவிடாமல் ஐந்து மணி நேரம் கேட்டால் கடைசி நான்கு மணி நேரமும் ஒலி காதில் விழும், கற்றல் நடக்காது. இருபத்தைந்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று முறை. நடுவில் நடக்கட்டும், தூங்கட்டும், உங்களோடு பேசட்டும்.

திரும்பக் கேட்பது குற்றம் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 1945இல் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணை தொடங்கியபோது, ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில் உடனுக்குடன் உரைபெயர்த்தவர்கள் தரப்பிலிருந்து எரியவிடக்கூடிய விளக்குகள் இருந்தன. மஞ்சள் விளக்கு எரிந்தால் பேசுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். அவ்வளவு பெரிய நீதிமன்றத்திலேயே உரைபெயர்ப்பாளருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தார்கள். விதிமுறை அனுமதிக்கும் அளவுக்கு, கேட்காததை ஊகித்து நிரப்பாமல் திரும்பக் கேட்பதுதான் நேர்மை. அதற்கான ஆங்கில வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லவும் பயிற்சி வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. "எனக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்கு என்னால் எந்த உதவியும் செய்ய முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. உங்கள் மகள் யாருக்காக உரைபெயர்க்கப் போகிறாள்? ஆங்கிலம் தெரியாத ஒருவருக்காக. அறையில் தனியாக உட்கார்ந்து பழகும்போது அந்த ஒருவர் அங்கே இல்லை. அவள் சொல்லும் தமிழ் யாருக்கும் புரிய வேண்டியதில்லை, அதனால் அது எவ்வளவு நொண்டியடித்தாலும் அவளுக்குத் தெரிவதில்லை.

தினமும் இரவு பத்து நிமிடம் அவள் எதிரில் உட்காருங்கள். ஒரு துண்டைக் கேட்டுவிட்டு அவள் உங்களிடம் தமிழில் சொல்லட்டும். நீங்கள் திருத்த வேண்டாம். புரிந்ததை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதையும் மூலத்தையும் அவளே ஒப்பிட்டுப் பார்ப்பாள். மருத்துவர் போகலாம் என்றாரா, கூடாது என்றாரா என்று உங்களுக்குக் குழப்பமாக இருந்தால், குழப்பமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம். அந்த நாட்களில் மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேறு பயிற்சி மையம் பற்றி இரண்டு வாரம் கழித்துப் பேசுவோம். அப்போது அவளை அழைத்துக்கொண்டு, அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நோட்டைப் பார்த்துவிட்டு, காதுக்கு ஆசிரியர் வேண்டுமா, துறை அறிவுக்கு வேண்டுமா, ஆசிரியரே வேண்டாமா என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.