சாரம் சரிந்தால் யார் பொறுப்பு? கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கட்டட வேலைக் கேள்விகள். எல்லா விபத்துகளும் 2025 நவம்பர் 21க்கு முன்னால் நடந்தவை. அதனால் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன். அந்தத் தேதியிலிருந்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அடிபட்டவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். இறப்புக்குக் கூலியில் 50 சதவீதம், முழு ஊனத்துக்கு 60 சதவீதம் என்று கீழே வரும் கணக்கு அதிலும் அப்படியே இருக்கிறது.

நான் சென்ட்ரிங் தச்சர், வயது 40. வில்லியனூர் பக்கம் ஒரு சைட்டில் பலகை அறுக்கும்போது மிஷினில் வலது கைக் கட்டை விரல் போய்விட்டது. நாள் கூலி 1,000 ரூபாய். "மிஷின் கார்டைக் (பாதுகாப்பு மூடியை) கழற்றினது நீதானே, உன் தப்புக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்கிறார் காண்ட்ராக்டர். எனக்கு ஏதாவது கிடைக்குமா? – நெல்லிக்குப்பம் வாசகர்

கிடைக்கும். யார் தப்பு என்ற பேச்சுக்கே இந்தச் சட்டத்தில் பெரிதாக இடமில்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டதா என்பதுதான் கேள்வி. உங்களுக்குக் கவனம் சிதறியிருந்தாலும் முதலாளி தர வேண்டியதுதான். பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே, வேண்டுமென்றே நீங்கள் அதைக் கழற்றியிருந்தால் மட்டும் அவர் தப்பிக்கலாம். அதையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த மிஷினில் கார்டு இல்லாமலேயே வருவது எத்தனை சைட்டில் நடக்கிறது! மிஷின் எங்கிருந்து வந்தது, வரும்போது எப்படி இருந்தது என்று உடன் வேலை செய்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இனி கணக்கு. மாதம் 26 நாள் என்று வைத்தால் உங்கள் கூலி 26,000 ரூபாய். ஆனால் 2020 ஜனவரி முதல் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. அதில் 60 சதவீதம் 9,000. 40 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530 ரூபாய். வேலை செய்யும் திறன் முழுதாகப் போனவருக்கு உரிய தொகை இது. கட்டை விரல் இழப்புக்கு அட்டவணையில் 30 சதவீதம். ஆக 4,97,259 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் இதைத் தர வேண்டும். தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்குச் சரியான காரணமும் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. மருத்துவச் செலவு இதில் சேராது, அதைத் தனியாகத் தர வேண்டும். மருந்துச் சீட்டுகூட விடாமல் பத்திரப்படுத்துங்கள்.

இதற்கு மேலும் ஒரு வாதம் இருக்கிறது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்பதை 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கட்டை விரலுக்கும் அதே முடிவு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் உளி பிடிக்க முடிகிறதா, ஆணி அடிக்க முடிகிறதா என்பதை மருத்துவரின் சான்றில் குறிப்பாக எழுதி வாங்குங்கள்.

கூலியைக் கையில்தான் வாங்கினேன், எப்படி நிரூபிப்பது என்று அடுத்து கேட்பீர்கள். ஜிபே பதிவு, சனிக்கிழமைக் கணக்கு எழுதிய நோட்டு, சக தொழிலாளியின் சாட்சி எல்லாமே உதவும்.

என் கணவர் (35) புதுச்சேரியில் அடுக்குமாடிக் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். காரியம் முடிவதற்குள் காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து 2 லட்சம் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குழந்தைகள் இரண்டு பேர். இனி ஒன்றும் செய்ய முடியாதா? – பண்ருட்டி வாசகி

அம்மா, அந்தப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது.

அதைவிட முக்கியமானது 8ஆம் பிரிவு. மரண இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுக்கக் கூடாது, இந்த மனுக்களை விசாரிக்கும் அதிகாரியான ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். நேரில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்காகாது. முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாதக் கூலி அளவுக்கு மட்டும் கழித்துக்கொள்ளலாம். துக்க வீட்டில் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள் என்று தெரிந்துதான் நூறு வருடத்துக்கு முன்பே இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

கணக்கு இது: 15,000இல் பாதி 7,500. 35 வயதுக்கான எண் 197.06. ஆக 14,77,950 ரூபாய். இறுதிச் சடங்குக்கு 5,000 ரூபாய்க்குக் குறையாமல் தனி. 2 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மனுவில் உங்கள் பெயரோடு இரு குழந்தைகளையும் சேருங்கள். மாமியார் விதவையாக இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அவரை விட்டுவிட்டு மனுப் போட்டால் பின்னால் அதுவே குடும்பச் சண்டையாகி வழக்கை இழுக்கும். குழந்தைகளின் பங்கை ஆணையர் வங்கியில் வைப்பாகப் போடுவார். கணவர் இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தாரா என்றும் பாருங்கள். வாரிய உதவி வேறு, முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு. ஒன்றை வாங்கியதால் மற்றது போய்விடாது.

அப்பா குடித்திருந்தார் என்று பிரேதப் பரிசோதனையில் வந்திருக்கிறது. அதனால் காசு இல்லை என்கிறார்கள். – கடலூர் முதுநகர்

மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்கு எடுபடாது. குடிபோதை என்ற விலக்கு அதைவிடச் சிறிய காயங்களுக்கு மட்டும்தான். தைரியமாக மனு போடுங்கள்.

லாஸ்பேட்டையில் சொந்த வீட்டுக்கு மாடி எடுக்கிறேன். சன்ஷேடு போடும்போது சித்தாள் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மேஸ்திரியிடம் மொத்தமாக வேலையை விட்டிருக்கிறேன். நானும் பொறுப்பா? – வீட்டு உரிமையாளர், புதுச்சேரி

தொழிலாளிகளின் கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒன்று வந்தது நல்லது. வீடு கட்டும் பலருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இது.

நீங்கள் வேலையை எப்படி விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது பதில். ஒப்பந்ததாரரின் ஆளுக்கு அடிபட்டால் வேலை கொடுத்தவரும் பொறுப்பு என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவர் தன் தொழில் அல்லது வியாபாரத்துக்காக அந்த வேலையைக் கொடுத்திருக்க வேண்டும். மனை வாங்கி வீடு கட்டி விற்கும் பில்டர் இதில் வசமாக மாட்டுவார். கடைக் கட்டடம் எழுப்பும் வியாபாரி கதை வேறு, அங்கே வழக்கு நடக்கும். தான் குடியிருக்க வீடு கட்டுபவருக்கு இந்தப் பிரிவு சாதாரணமாகப் பொருந்தாது. அங்கே அடிபட்ட ஆளுக்கு மேஸ்திரிதான் முதலாளி.

"மொத்தமாக விட்டேன்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். விசாரணையில் பார்த்தால், சாயங்காலம் கூலியை எண்ணிக் கொடுத்தவர் வீட்டுக்காரராகவே இருப்பார். நாளைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று சொன்னவரும் அவரே. அப்படியானால் நீங்களே முதலாளி ஆகிவிடலாம். சொந்த வேலைக்குத் தற்காலிகமாக வைத்துக்கொண்ட ஆளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கு முன்பு இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய நினைப்பில் இன்னமும் பலர் தைரியம் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

மேஸ்திரியோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, பணம் அவர் கணக்குக்குத்தான் போனதா என்று பாருங்கள். மிச்ச வேலையைத் தொடங்குமுன் ஊழியர் இழப்பீட்டு பாலிசி ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. தாமதத்துக்கான அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக ஏற்காது என்பதையும் மேஸ்திரிக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சட்டப்படி பொறுப்பு இல்லை என்றே வந்தாலும் அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவில் கை கொடுங்கள். உங்கள் வீட்டு மாடியிலிருந்துதானே விழுந்தார்.

கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ரசாயனம் தெறித்துக் கையில் தீப்புண். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். இழப்பீட்டு வழக்கும் போடலாமா?

கூடாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாதபடி இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது. நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். ஊனம் நிலைத்துவிட்டால் மருத்துவ வாரியம் சதவீதம் போடும், அதன்படி ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். வேலைக் காயம் என்றால், இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. சேர்ந்த மறுநாளே அடிபட்டாலும் சரிதான்.

விபத்து அறிக்கையை நிர்வாகம் இ.எஸ்.ஐ.க்கு அனுப்பியதா என்பதை மட்டும் விசாரியுங்கள். "லீவு போட்டுக்கோ, சம்பளம் தருகிறோம்" என்று சொல்லி அறிக்கையே அனுப்பாமல் விடுவது நடக்கும். இரண்டு வருடம் கழித்துக் கை மடங்காமல் போகும்போது வேலைக் காயம் என்பதற்கு ஒரு காகிதமும் இருக்காது.

வேலையில் விழுந்ததை, ஆஸ்பத்திரியில் சேர்த்த சூப்பர்வைசர் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுத வைத்துவிட்டார். மாற்ற முடியுமா? – அரியாங்குப்பம்

விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், முதலில் எழுதியதை யாரும் அழித்து எழுத மாட்டார்கள். அதனால் வழக்கே போய்விட்டது என்றில்லை. மயக்கத்தில் இருந்தேன், சொன்னது நான் இல்லை என்று இப்போதே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அதில் விபத்து நடந்த நாள், நேரம், இடம், எப்படி நடந்தது என்பதெல்லாம் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர் யார் என்பது பதிவேட்டிலேயே இருக்கும். வீட்டில் விழுந்தவரை சூப்பர்வைசர் ஏன் தூக்கி வந்தார் என்று ஆணையர் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஜிப்மரோ, கடலூர் அரசு மருத்துவமனையோ, எங்கே சேர்த்தாலும் சொந்தக்காரர் ஒருவர் கூடப் போய், எந்த சைட்டில் எப்படி விழுந்தார் என்பதை டாக்டரிடம் தாமே சொல்ல வேண்டும்.

அதிகாலை ஷிப்டுக்கு பைக்கில் போகும் வழியில் லாரி மோதியது. இது வேலை விபத்தா? குடியிருப்பது குறிஞ்சிப்பாடி, வேலை புதுச்சேரியில். எங்கே மனு போடுவது?

ஆகலாம். மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் அதிகாலை வேலைக்கு பைக்கில் போகும்போது இறந்த வழக்கில், பயணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்த வேண்டும். வழியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுப் போனேன் என்றால் கஷ்டம்.

ஆனால் தப்பு லாரிக்காரர் மேல் என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவதுதான் என் யோசனை. அங்கே 15,000 ரூபாய் உச்சவரம்பு இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. தீர்ப்பாயத்துக்கு 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, தேதியைக் கவனியுங்கள்.

ஊழியர் இழப்பீட்டு மனு என்றால் விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம் ஆகியவற்றில் எதற்குரிய ஆணையரிடமும் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

வக்கீல் வருகிற பணத்தில் 25 சதவீதம் கேட்கிறார். சரியா?

சரியில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு வாங்குவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. கட்டணம் கேட்கட்டும், பங்கு கேட்கக் கூடாது. வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமான வரம்புகூடப் பார்க்க மாட்டார்கள். ஆதார், ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர். இருந்தால் அதுவும் சேர்த்து இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.