ரமல்லா பையன் ஜெருசலேம் டிராமில் ஏறுவது எப்படி?

உங்கள் நாவலில் யூசுஃபின் வீட்டை ரமல்லாவிலிருந்து கிழக்கு ஜெருசலேமின் ஷுஆஃபத்துக்கு மாற்றுங்கள். 2016-ல் அவனும் மேற்கு ஜெருசலேம் பெண் நோவாவும் தினமும் டிராமில் சந்திப்பது ஏன் நம்பும்படி வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சிக்கல் ஊரில்தான்.

வரைபடத்தில் இரண்டும் பக்கத்து ஊர்கள் என்பதால் இப்படி எழுதியிருப்பீர்கள். ஆனால் ரமல்லா போன்ற மேற்குக் கரை ஊர்ப் பையனிடம் இருப்பது பச்சை அடையாள அட்டை. இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவிலுள்ள கலந்தியா சோதனைச் சாவடியை அவன் தாண்ட முடியாது. நோவா அங்கே போவதும் நடக்காது. ரமல்லா பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழுள்ள 'ஏ' பகுதி, இஸ்ரேலியர் நுழையத் தடை என்று சாலையிலேயே சிவப்புப் பலகை இருக்கும்.

கிழக்கு ஜெருசலேம்வாசிக்கு நீல அடையாள அட்டை; அனுமதிச் சீட்டு இல்லாமலே மேற்கு நகருக்குப் போகலாம். 2011-ல் தொடங்கிய டிராமும் ஷுஆஃபத் வழியாகத்தான் மேற்கு நகருக்குப் போகிறது. 2014 ஜூலையில் ஷுஆஃபத்திலிருந்து 16 வயதுப் பாலஸ்தீனப் பையன் ஒருவன் கடத்திக் கொல்லப்பட்டான். கொதித்துப்போன ஊரில் டிராம் நிலையங்கள் நொறுக்கப்பட்டன. அதே தெருக்களில் வளர்ந்த யூசுஃப் அந்த டிராமில் ஏறும்போது அது அவன் மனதில் இல்லாமல் இருக்குமா? உங்கள் நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இருவரும் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் அட்டையின் நிறம், போகும் வழி, ஆண்டு மூன்றையும் எழுதிப் பாருங்கள். பொருந்தாதது தானாகத் தெரியும்.

சோதனைச் சாவடிக் காட்சியை விட மனமில்லை என்றால் யூசுஃபின் ஊராகக் கஃபர் அகப் சரியாக இருக்கும்: ஜெருசலேம் நகராட்சிக்குள், ஆனால் இஸ்ரேல் கட்டிய பிரிப்புச் சுவருக்கு வெளியே. அப்புறம், கதை காசா போர் தொடங்கிய 2023 அக்டோபரைத் தாண்டினால் இந்த வழிகளையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும்.