மைக் செட் தெரிந்தவருக்குப் பெரிய மேடையில் என்ன வேலை?

கேள்வி: எனக்கு வயது 23. ஊர் கும்பகோணம் பக்கம். அப்பா முப்பது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவரோடு கல்யாணம், திருவிழா, பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் போய் வருகிறேன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டேன். சென்னையில் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளில் வேலை செய்ய ஆசை. ஒன்றரை லட்சம் கட்டி ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிக்கலாமா, நேராக ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடலாமா? நிரந்தர வருமானம் இல்லாத தொழில் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அந்த ஒன்றரை லட்சத்தை இப்போது கட்டாதீர்கள். படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. ஈவென்ட் மேனேஜ்மென்ட் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது கிளையன்ட்டிடம் பேசுவது, பட்ஜெட் போடுவது, ஸ்பான்சர் பிடிப்பது, விருந்தினரைக் கவனிப்பது போன்றவை. நிகழ்ச்சியை நடத்த விரும்புகிறவருக்கு அது உதவும். உங்கள் கடிதத்தில் தெரிகிற ஆசையோ மேடையையும் ஒயரையும் பற்றியது. அது வேறு பாதை.

ஈவென்ட் என்பது ஒரே தொழில் இல்லை. ஒரு பெரிய கச்சேரியில் சவுண்ட், லைட், எல்.இ.டி. திரை, ட்ரஸ் (விளக்கு, ஸ்பீக்கர் தொங்கவிடும் உலோகச் சட்டம்), ஜெனரேட்டர், மேடைக் கட்டுமானம், பேக்லைன் (கலைஞர்களுக்கான வாத்தியம், ஆம்ப்), டிக்கெட், பாதுகாப்பு, அனுமதி வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள், தனி முதலாளிகள். நிகழ்ச்சி நடத்தும் கம்பெனியிடம் பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கர்கூடச் சொந்தமாக இருக்காது. எல்லாம் ரென்டல் கம்பெனிகளிடமிருந்து வாடகைக்கு வருகிறது. ஆகவே நீங்கள் தட்ட வேண்டிய கதவு கண்ணாடி போட்ட ஆபீஸ் கதவு இல்லை, ரென்டல் கம்பெனியின் குடோன் கதவு.

குடோனில் முதல் மாதம் பெட்டி தூக்கச் சொல்வார்கள், கேபிள் சுற்றச் சொல்வார்கள். கேபிள் சுற்றுவதை ஒரு தேர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற பையனிடம் இருபது மீட்டர் மைக் கேபிளைக் கொடுத்துவிட்டு அவன் கையைப் பார்ப்பது எங்கள் பழக்கம். முழங்கையில் வைத்துக் கயிறு மாதிரி சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கெட்டுப்போகும். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக என்று மாற்றி மாற்றிப் போட்டால், மறுநாள் ஒரு முனையைப் பிடித்து வீசும்போது சிக்கில்லாமல் நேராக ஓடும். அப்பாவிடம் வேலை கற்ற உங்களுக்கு இது முன்பே கைவந்திருக்கலாம்.

அடுத்தது பேட்ச், அதாவது ஒவ்வொரு மைக்கையும் அதற்குரிய சானலில் இணைக்கும் வேலை. கும்பகோணத்தில் எட்டு மைக்கை மிக்ஸரில் நேராகச் செருகிப் பழகியிருப்பீர்கள். இங்கே ஒரு பேண்டுக்கு நாற்பது, ஐம்பது லைன் வரும். கலைஞரின் தரப்பிலிருந்து முன்கூட்டியே இன்புட் லிஸ்ட் வந்துவிடும்: ஒன்றாவது சானலில் டிரம்ஸின் கிக், இரண்டில் அதன் ஸ்னேர், பதினேழில் பேஸ் கிட்டார், முப்பத்து மூன்றில் முதல் பாடகர் என்று. அதன்படி, மேடையில் எல்லா ஒயரும் வந்து சேரும் ஸ்டேஜ் பாக்ஸில் செருகுவதும், வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டுவதும், லைன் செக்கின்போது ஒவ்வொரு மைக்காகத் தட்டி "இருபத்து நாலு, தபேலா" என்று எஃப்.ஓ.எச்.சுக்கு (கூட்டத்தின் பக்கம் மிக்ஸர் இருக்கும் இடம்) சொல்வதும் பேட்ச் ஆளின் வேலை. நடுப்பாட்டில் ஒரு லைன் செத்துப்போனால் கேபிளா, மைக்கா, பாக்ஸா என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பவரை அடுத்த ஷோவுக்கும் பெயர் சொல்லிக் கேட்பார்கள். மிக்ஸர் முன்னால் உட்கார எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் நல்ல பேட்ச் ஆளுக்குத்தான் சென்னையில் எப்போதும் தட்டுப்பாடு, நான் பார்த்தவரை.

ஆனால் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து கரன்ட் பற்றிய அறிவு. இதை நான் சும்மா சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழா. ஜெனரேட்டரிலிருந்து வந்த மூன்று பேஸ் சப்ளையை மாலையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, சரியாக இருந்தது. இரவு முதல் பாட்டுக்கு லைட் எல்லாம் ஒன்றாக எரிந்த அடுத்த சில நொடிகளில் ஆம்ப்ளிஃபையர் அடுக்கிலிருந்து கருகிய வாடை. டிஸ்ட்ரிபியூஷன் பெட்டிக்குள் நியூட்ரல் ஸ்க்ரூவை யாரோ முழுதாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். லோடு ஏறியதும் அது சூடாகி விட்டுவிட்டது. நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பேஸுக்கும் பேஸுக்கும் இடையே இருக்கும் சுமார் 400 வோல்ட் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி, லோடு குறைவாக இருக்கும் பேஸின் பக்கம் ஏறிவிடும். அன்றைக்கு லைட்டெல்லாம் மற்ற இரண்டு பேஸில், சவுண்ட் மட்டும் தனியாக ஒன்றில். மூன்று ஆம்ப்ளிஃபையர் போயிற்று. யாருக்கும் அடிபடவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அதிலிருந்து நான் இரண்டு முறை பார்ப்பேன்: லோடு ஏறுவதற்கு முன் பெட்டியைத் திறந்து நியூட்ரல் முறுக்கு, லோடு ஏறிய பின் வோல்ட்டேஜ். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் காரணம் தெரியும் வரை விடமாட்டேன். முடிந்தால் சவுண்டுக்குத் தனி ஜெனரேட்டர் கேட்டு வாங்குவேன்.

மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கப் பாருங்கள். டிப்ளமோவும் அனுபவமும் இருந்தால் மேற்பார்வையாளர் சான்றிதழ் எட்டக்கூடியதுதான். கையில் சான்றிதழ் இருக்கும் பவர் ஆளுக்கு மேடையில் பேசும் உரிமையே வேறு.

சரி, டிஜிட்டல் கன்சோலை, அதாவது பெரிய மேடைகளில் வைக்கும் டிஜிட்டல் மிக்ஸரை, எங்கே கற்பது? காசு கொடுக்காமலே நிறையக் கற்கலாம். பெஹ்ரிங்கர், யமஹா, ஆலன் அண்ட் ஹீத் கம்பெனிகள் தங்கள் கன்சோல்களுக்கான எடிட்டர் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. லைட்டுக்கு கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். மேடையையும் விளக்குகளையும் திரையிலேயே காட்டும். ஒரே ஒரு கன்சோலை எடுத்து மூன்று மாதம் அதிலேயே ஊறுங்கள். கூடவே ஒலியின் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். முப்பது டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். மேடையிலிருந்து 35 மீட்டரில் பின்வரிசைக்காக ஒரு டிலே ஸ்பீக்கர் வைத்தால் அதைப் பத்தில் ஒரு நொடி தாமதப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பின்வரிசைக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். இந்தக் கணக்கைப் போடுபவர் சிஸ்டம் டெக். டிப்ளமோ படித்த உங்களுக்கு ஐந்தாறு வருடத்தில் அந்த இடம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவிடம் கற்றதில் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டியிருக்கும்: சத்தம் எட்டும் தூரத்தை வைத்து வேலையை அளப்பது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு சிறப்பு அனுமதி தரும் சில நாட்களில் மட்டும் நள்ளிரவு வரை. சென்னையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானமோ தீவுத்திடலோ, பத்து மணிக்குக் கடைசிப் பாட்டு முடிந்தாக வேண்டும். முதல் நாள் இரவே லாரி வந்து இறங்கி, ட்ரஸ் ஏறி, மறுநாள் பிற்பகல் சவுண்ட் செக் முடிந்து, மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு விடியும்வரை பிரித்து ஏற்றுவது வரை உங்கள் வேலைதான். தூக்கம் போகும், இதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். இந்தத் தொழிலின் வருமானம் மாதக் கணக்கில் வராது, பஞ்சாங்கக் கணக்கில் வரும். தை, மாசி, வைகாசி, ஆவணியில் கல்யாண மேடைகள். ஆடியில் கல்யாணம் இல்லை, அம்மன் கோயில் திருவிழா உண்டு. புரட்டாசி மந்தம். மார்கழியில் சென்னை சபாக்கள் நிறைந்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கம்பெனி விழாக்களும் கல்லூரி விழாக்களும். தேர்தல் வந்தால் அனுமதி கெடுபிடியில் பல நிகழ்ச்சிகள் தள்ளிப்போகும். ஆகவே முதல் இரண்டு வருடம் குடோனில் மாதச் சம்பளத்துக்கே இருங்கள். குறைவாக இருந்தாலும் வாடகைக்கு ஆகும். மூன்று நான்கு கம்பெனிகள் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நிலை வந்து, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் சேர்ந்த பிறகு நாள் கூலிக்கு மாறலாம்.

மாறும்போது சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு ஷோ என்றால் எத்தனை நாள், லோட் இன் நாளுக்கு (சாமான் இறக்கிக் கட்டும் நாள்) காசு உண்டா, பேட்டா தனியா, ஊருக்குப் போனால் தங்குவது யார் செலவு, ஷோ ரத்தானால் என்ன தருவார்கள் என்று கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். (கூலியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருடா வருடம் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். நாளை வண்டிக்கோ கருவிக்கோ வங்கிக் கடன் கேட்கும்போது அந்தக் காகிதம்தான் உங்களுக்கு வருமானச் சான்று. மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் முதல் மாதமே எடுத்துவிடுங்கள்.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கணக்கு. நல்ல இயர் பிளக் ஒன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உயரத்தில் ஏறுவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், மழைக்கு முன் அடித்த காற்றில் தற்காலிக மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் மேடைத் தொழிலாளியும் ஒருவர். நம் ஊரில் பெல்ட் இல்லாமல் ட்ரஸ் மேல் ஏறும் பையன்களை இன்னும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. உடலோடு கட்டும் பாதுகாப்பு பெல்ட்டான ஹார்னெஸ் தராத இடத்தில் ஏறாதீர்கள். "முடியாது அண்ணே" என்று சொல்லி ஒரு வேலை போனால் போகட்டும், அடுத்த வாரம் வேறு குடோனில் ஆள் கேட்பார்கள்.

ஆடி முடிந்ததும் கிளம்பி வாருங்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு எல்லாக் குடோனிலும் கை தேவைப்படும், தெரியாத ஆளையும் சேர்த்துக்கொள்ளும் நேரம் அது. அப்பாவின் மைக் செட்டை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றரை லட்சத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல மல்டிமீட்டர், ஹெட்போன், கேபிள் டெஸ்டர் மூன்றும் வாங்குங்கள். மீதியைச் சென்னையில் முதல் ஆறு மாத வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.