கோலாலம்பூரில் அரிசி, பருப்பை மொத்தமாக வாங்கி வண்டு வராமல் வைப்பது எப்படி?

மூட்டையாக வாங்கினால் காசு மிச்சம் என்கிறார்கள், ஆனால் மூன்றாவது மாதமே வண்டு வந்துவிடுகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அடுக்குமாடி வீடு, நாலு பேர், ஒரே ஒரு ஐஸ்பெட்டி என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கடையைக் குறை சொல்லாதீர்கள். பெண் வண்டு அரிசிமணியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல அரிசிதான். நம் ஊர் வெப்பத்தில் அந்த முட்டை வண்டாகி வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதம். முதல் மாதம் வருகிற நாலைந்து வண்டு கண்ணில் படாது. அவை போட்ட முட்டைகள் பொரிந்து இரண்டாம் தலைமுறை வெளியே வரும்போதுதான் மூட்டை முழுக்க ஊர்கிறது. உங்கள் மூன்றாவது மாதக் கணக்கு இதுதான். ஆகவே இரண்டு வழி உண்டு. இரண்டு மாதத்துக்குள் தின்று தீர்க்கிற அளவுக்கு வாங்குங்கள். அல்லது வாங்கின அன்றே முட்டையைக் கொல்லுங்கள்.

அளவை ஊகிக்க வேண்டாம். அரிசிப் பையைப் பிரிக்கிற அன்று அதன்மேல் மார்க்கரில் தேதி எழுதுங்கள், தீருகிற அன்றும் எழுதுங்கள். இரண்டு பை தீர்ந்தால் உங்கள் வீட்டு மாதக் கணக்கு கையில் வந்துவிடும். இட்லிக்கு ஊறப்போடும் அரிசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கடையில் 10 கிலோ விலையைப் பார்த்ததும் எடுக்காதீர்கள். கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சலுகை நாளில் இரண்டு 5 கிலோ பை ஒரு 10 கிலோவைவிட மலிவாக விழுவதுண்டு, அப்போது சின்னப் பைதான் நல்லது, ஒன்று பிரிக்காமலே இருக்கும். பத்துக் கிலோவில் 4 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடித்து, கடைசி இரண்டு கிலோவை வண்டுக்குக் கொடுத்தால் மிச்சம் எங்கே? பையின் தையல் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் உள்ளே வேலை நடக்கிறது. மெல்லிய நூல் போலப் பின்னியிருந்தால் அது அந்துப்பூச்சி. இரண்டையும் தொடாதீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, செந்தூல் பக்கம் கடையிலேயே கட்டிய கண்ணாடிப் பைகளில் பருப்பு மலிவுதான். ஆனால் பல பைகளில் பொட்டலம் கட்டிய தேதி இருக்காது. கேட்டால் "புதுசுதான்" என்பார்கள். தேதி சொல்லாத பருப்பை ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். 25 கிலோ மூட்டை வாங்குவதானால் மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கி, அன்றே பிரித்து, அன்றே பங்கு போடுங்கள்.

மூட்டையை வீடு சேர்ப்பது தனிப் பாடு. சில கொண்டோக்களில் மேனேஜ்மெண்ட் ஆபீஸ் தள்ளுவண்டியை ஆள் ஏறும் லிஃப்டில் விடாது, சரக்கு லிஃப்டுக்கு ஒரு நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கச் சொல்லும். மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்டுகிற ஒருவர் பத்துக் கிலோ அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோக மனு எழுத வேண்டுமா? இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது முட்டையைக் கொல்வது. அரிசியை இரண்டு இரண்டு கிலோவாகத் தடித்த பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி இறுக்கக் கட்டி, ஃப்ரீசரில் நாலு முழு நாள் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஐஸ்கிரீம் இளகுகிற ஃப்ரீசர் என்றால் ஒரு வாரம் விடுங்கள். பையைத் தட்டையாகப் படுக்க வைத்தால் நடுவரை குளிர் போகும். பெரும்பாலானோர் தவறுவது வெளியே எடுத்த பிறகுதான். எடுத்ததும் பிரித்து வாளியில் கொட்டினால் இங்குள்ள ஈரக்காற்று குளிர்ந்த அரிசிமேல் வியர்த்து நீராகிவிடும். இரண்டு வாரத்தில் மக்கல் வாடை, கட்டி, பூஞ்சை. பிறகு ஃப்ரீசரைத்தான் திட்டுவார்கள். கட்டிய பையைக் கட்டியபடியே ஒரு முழு நாள் வெளியே வையுங்கள். மேலே வியர்வை துளிர்க்கும், துணியால் துடையுங்கள். பை கைக்குச் சில்லென்று இல்லாதபோது மட்டும் பிரியுங்கள்.

வாளி: பத்துக் கிலோ அரிசிக்கு 12, 13 லிட்டர் இடம் வேண்டும். 20 லிட்டர் வாளியில் 15 கிலோ தாராளமாகப் பிடிக்கும். கேக் கடைகளில் மார்ஜரின், காயா (தேங்காய்ப்பால் ஜாம்) வந்த காலி வாளிகளைக் கேட்டால் சொற்பக் காசுக்குத் தருவார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் (HDPE பிளாஸ்டிக்கின் குறி) இருக்கிறதா, மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் வாளி எத்தனை முறை கழுவினாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. வாளியைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போட்டால் போதாதா என்று சண்டைக்கு வருவார்கள். அவை வண்டை ஓரளவு விரட்டும், அதை நான் மறுக்கவில்லை. மணிக்குள் இருக்கும் முட்டையை அவை தொடாது. வேப்பிலை போட்டே ஆகவேண்டும் என்றால் நிழலில் நொறுங்கக் காய்ந்ததைப் போடுங்கள், பச்சை இலை அரிசிக்குள் தண்ணீரைத்தான் கொண்டுபோகும்.

பருப்பு வகைக்குக் கணக்கு வேறு. பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை போன்ற முழுப்பயறுகளில் தோல்மேல் உப்புத்தூள் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது பயறு வண்டின் முட்டை. கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் முட்டை பொரிக்காது, சமைக்குமுன் கழுவிக்கொள்ளலாம். ஆனால் நம் சூட்டிலும் ஈரத்திலும் நாள்பட்ட பயறு இறுகிப்போய், எத்தனை விசில் வைத்தாலும் வேகாது. அதனால் எந்தப் பயறும் நாலு மாதத்துக்கு மேல் வேண்டாம். பழைய உளுந்து ஆட்டும்போது பொங்கி வராது, இரண்டு மாதமே போதும்.

ஆட்டா மாவில் கோதுமைத் தவிட்டின் எண்ணெய்ச்சத்து இருக்கிறது, அது காறிப்போய்க் கசக்கும். பத்துக் கிலோ ஆட்டா மலிவு என்று எடுக்காதீர்கள். நிலக்கடலையும் அப்படியே. பூஞ்சை பிடித்ததை வறுத்தாலும் நஞ்சு முழுக்கப் போகாது, கொட்டிவிடுங்கள். ரவையை வெறும் சட்டியில் வறுத்து, முழுக்க ஆறவிட்டு, பாட்டிலில் அடையுங்கள். பாக்கெட் எண்ணெய் கிலோ 2.50 வெள்ளி என்பது மானிய விலை, அதைக் குவித்து வைக்காதீர்கள்.

ஒரு வருஷத்துக்கு வாங்கி வைத்தால்தான் நிம்மதி என்பவர்கள் 2023ஐ நினைத்துக்கொள்ளட்டும். ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1 முதல், மலேசியாவின் அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ், இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. புழுங்கலுக்கு அப்போதும் தடை வரவில்லை, 20 விழுக்காடு ஏற்றுமதி வரிதான் போட்டார்கள். அப்படியிருந்தும் பொன்னிப் புழுங்கல் தின்கிறவர்கள்கூடப் பதறி ஆறு மூட்டை வாங்கினால் முடிவில் வண்டுதான் மிச்சம். இரண்டு மாதச் சரக்கு வீட்டில் இருந்தால் விலையைப் பார்த்து யோசிக்க நேரம் கிடைக்கும். அதுவே போதும்.

உங்களிடம் இப்போது இருக்கிற வண்டு அரிசியைக் கொட்ட வேண்டாம். நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து, கட்டியபடியே குளிர் போகவிட்டு, சலித்து, தண்ணீரில் மிதக்கிற மணியை வடித்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள் சமைத்துத் தீருங்கள். புளித்த வாடையோ பச்சைக் கட்டியோ இருந்தால் மட்டும் கொட்டுங்கள். காலிச் சாக்கை அன்றே வெளியே போட்டுவிடுங்கள், அதன் தையலில்தான் மிச்ச வண்டு ஒளிந்திருக்கும். வாளியைச் சுடுநீரில் கழுவி, ஒரு நாள் கவிழ்த்துக் காயவைத்த பிறகே புது அரிசியைக் கொட்டுங்கள்.