சைனா இன்டர்ன்ஷிப்: காசு கட்டுறதுக்கு முன்னாடி எந்த விசான்னு கேளுங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி சைனா இன்டர்ன்ஷிப் பத்தி தான். ஏஜென்சிக்காரங்க காலேஜ் காலேஜா போய் ஸ்டால் போட்டிருப்பாங்க போல, எல்லார் கேள்வியிலயும் ஒரே பேக்கேஜ், கிட்டத்தட்ட ஒரே ரேட். பேர் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன். வழக்கம் போல பாதி பேர் எந்த விசான்னே எழுதல, "அதெல்லாம் ஏஜென்சி பாத்துக்கும்"னு ஒரு வரி. அவங்களுக்கு விசா பத்தி பதில் இல்ல, கேட்டுட்டு வாங்க.

கேள்வி: அண்ணா, பிபிஏ மூணாவது வருஷம். ஷாங்காய்ல 2 மாச இன்டர்ன்ஷிப், ஒன்றே முக்கால் லட்சம் கேக்குறாங்க, டிக்கெட் தனி. வொர்த்தா? – கோவை

பதில்: அந்த காசுக்கு என்னென்ன தர்றாங்கன்னு எழுதவே இல்லயே தம்பி. பொதுவா இந்த பேக்கேஜ்ல ரூம், ஏர்போர்ட் பிக்கப், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு சைனீஸ் கிளாஸ், ஒரு வீசாட் (அவங்க ஊரு வாட்ஸப்) குரூப், அப்புறம் கம்பெனி. மொத நாலையும் நீங்களே கம்மி செலவுல பண்ணிக்கலாம், கம்பெனி புடிச்சு குடுக்குறதுக்கு தான் ஏஜென்சிக்கு காசு. அதனால எந்த கம்பெனி, என்ன வேலை, மேல யாரு, அவரோட ஒரு வீடியோ கால், இது முடியாம முதல் தவணை கூட கட்டாதீங்க. "மார்க்கெட்டிங் ஃபீல்டுல கேரண்டி பிளேஸ்மென்ட்"ங்கறது ஒரு கம்பெனியோட பேர் இல்ல. ஸ்டைபெண்ட எதிர்பாக்காதீங்க. பெரிய ஊர்ல சைனீஸ் பசங்களுக்கே நாளைக்கு நூறு இருநூறு யுவான் தான், ஏஜென்சி வழியா வர்றவங்களுக்கு பெரும்பாலும் அதுவும் கிடையாது.

கேள்வி: ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு சார், உண்மையானதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? காப்பி இணைச்சிருக்கேன். – திருச்சி

பதில்: இணைச்சதுக்கு நன்றி, நிறைய பேர் அதுகூட செய்யுறதில்ல. பாத்தேன். கம்பெனி பேர் இங்கிலீஷ்ல மட்டும் இருக்கு. சைனால ஒரு கம்பெனியோட சட்டப்படியான பேர் சீன எழுத்துல இருக்குறது மட்டும் தான், இங்கிலீஷ் பேர் அவங்களா வச்சுக்குறது, நாளைக்கே வேற பேர் வச்சுப்பாங்க. கீழ யாரோ நீல பேனால கையெழுத்து போட்டிருக்காங்க, ஆனா நடுவுல நட்சத்திரம் வச்ச வட்ட சிவப்பு சீல காணோம். அங்க கையெழுத்த விட சீலுக்கு தான் மரியாதை, சீல் இல்லாத லெட்டர் வெறும் பேப்பர். அடுத்து, எல்லா கம்பெனிக்கும் 18 இலக்கத்துல ஒரு பதிவு எண் உண்டு, சிலதுல நடுவுல எழுத்தும் கலந்து வரும், அதுவும் இதுல இல்ல. அந்த எண்ண கேட்டு வாங்கி சைனா அரசாங்கத்தோட கம்பெனி பதிவு சைட்லயோ தியான்யன்சா மாதிரி ஆப்லயோ போட்டா கம்பெனி எந்த வருஷம் ஆரம்பிச்சது, என்ன தொழில், ஓனர் யாரு, கோர்ட்ல கேஸ் இருக்கான்னு எல்லாம் வந்துடும். பூரா சைனீஸ்ல தான் இருக்கும், டிரான்ஸ்லேட் பண்ணி படிச்சுக்குங்க, ஒன்றே முக்கால் லட்சத்துக்கு அரை மணி நேரம் செலவு பண்ணலாம் தப்பில்ல. கான்டாக்ட் ஈமெயில் ஜிமெயில்ல வேற இருக்கு. ஜிமெயில் பிளாக் ஆகியிருக்குற ஊர்ல இருக்குற கம்பெனிக்கு ஜிமெயில் ஐடி! நானா இருந்தா கட்ட மாட்டேன்.

கேள்வி: சார், எங்க பேட்ச்ல எல்லாருக்கும் ஏஜென்சியே எம் விசா போடுறாங்க. இன்டர்ன்ஷிப்னு எங்கயும் சொல்லாதீங்க, ட்ரேட் ஃபேர் பாக்க போறோம்னு சொல்லுங்கன்னு ட்ரெய்னிங் கூட குடுத்தாங்க. எல்லாரும் இப்படித்தான் போறாங்களாம். பிரச்சனை வருமா? – சென்னை

பதில்: பொய் சொல்ல கத்துக் குடுக்குற இடத்துல காசையும் கட்டிட்டு பிரச்சனை வருமான்னு என்கிட்ட கேக்குறீங்க. வரும்.

எம் விசா வியாபாரத்துக்கு. சரக்கு பாக்க, விலை பேச, குவாங்சோல நடக்குற கான்டன் ஃபேர்ங்கற பெரிய வியாபார கண்காட்சிக்கு போக. தினம் 9 மணிக்கு ஒரு ஆபீஸ்ல போய் உக்காந்து அவங்க குடுக்குற எக்செல் ஷீட்ட நிரப்புறதுக்கு இல்ல. எக்ஸ்சேஞ்ச், விசிட்டுக்கு குடுக்குற எஃப் விசாவும் அதுக்கு இல்ல, எல் டூரிஸ்ட் விசா பத்தி பேசவே வேணாம். உடனே "சம்பளமே இல்லயே, அப்புறம் எப்படி அது வேலை?"ன்னு ஏஜென்சி சொல்லும். செக்கிங் வர்ற போலீஸ்காரர் உங்க பே ஸ்லிப்ப தேட மாட்டார், ஆபீஸ்ல உங்க பேர்ல ஒரு சீட் இருக்கா, ஐடி கார்ட் இருக்கான்னு தான் பாப்பார்.

2013 ஜூலைல இருந்து அமல்ல இருக்குற அவங்க நுழைவு-வெளியேறும் சட்டப்படி, அனுமதி இல்லாம வேலை பாத்தா 5,000ல இருந்து 20,000 யுவான் அபராதம். யுவானுக்கு சுமாரா 12 ரூபான்னு வச்சா கூட 60 ஆயிரத்துல இருந்து ரெண்டு லட்சத்து 40 ஆயிரம். ரொம்ப பெருசா போச்சுன்னா அபராதத்தோட 5ல இருந்து 15 நாள் உள்ள வைக்கலாம். திருப்பி அனுப்பிட்டாங்கன்னா 1ல இருந்து 5 வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்க. வேலைக்கு வச்ச கம்பெனிக்கும் ஆளுக்கு 10,000 யுவான், ஆள் சேத்து விட்ட புரோக்கருக்கு ஆளுக்கு 5,000ன்னு அதே சட்டத்துல இருக்கு. ஆனா உங்க புரோக்கர் இருக்குறது சென்னைல. மாட்டுறது யாரு?

எனக்கு தெரிஞ்ச பையன் ஒருத்தன் இப்படித்தான் எம் விசால போனான். ஆபீஸ்ல செக்கிங் வந்தப்ப மேனேஜரே "இவர் எங்க கஸ்டமர், சாம்பிள் பாக்க வந்திருக்கார்"ன்னு சொல்லி காப்பாத்த பாத்தாரு, இவன் கழுத்துல அந்த கம்பெனி டேக்கு தொங்குது. ஏஜென்சி ஹெல்ப்லைனுக்கு அடிச்சா "விசா விஷயத்துல நாங்க பொறுப்பில்லன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கே சார்"னு பதில். உண்மைதான், கடைசி பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு. எல்லா ஏஜென்சி அக்ரிமெண்ட்லயும் மொத கடைசி பக்கத்த படிங்கன்னு நான் கத்துறது இதுக்கு தான்.

முறையா போக வழியே இல்லயான்னா, இருக்கு. 2019 ஆகஸ்ட்ல இருந்து, பேர் சொல்ற கம்பெனியோ நிறுவனமோ கூப்பிட்டா வெளிநாட்டு காலேஜ்ல படிக்கிற மாணவருக்கு எஸ்2ங்கற சொந்த விஷயமா போறவங்களுக்கான விசால "இன்டர்ன்ஷிப்"னு குறிப்பு போட்டு ஒரு வருஷத்துக்குள்ளான காலத்துக்கு குடுக்கலாம்னு வச்சிருக்காங்க. இல்லன்னா உங்க காலேஜும் அங்க ஒரு யுனிவர்சிட்டியும் போட்ட எக்ஸ்சேஞ்ச் வழியா படிப்பு விசால போயிட்டு, அந்த யுனிவர்சிட்டி மூலமா இன்டர்ன்ஷிப் பண்றது. ரெண்டுலயும் கூப்பிடுறவங்க பேப்பர் ஒழுங்கா குடுக்கணும், அதான் ஏஜென்சிக்கு புடிக்காது. "எங்களுக்கு ஏன் எஸ்2 போட முடியாது?"ன்னு கேளுங்க, கம்பெனியோட லட்சணம் அந்த பதில்லயே தெரிஞ்சுடும்.

கேள்வி: நாங்க மலேசியா. சைனாவுக்கு விசாவே வேணாம். அப்ப இந்த பிரச்சனை எங்களுக்கு இல்ல தானே? – ஈப்போ

பதில்: இருக்கு. 30 நாள் விசா இல்லாம போறது சுத்திப்பாக்க, சொந்தக்காரங்கள பாக்க, பிசினஸ் பேச. வேலை, படிப்பு அதுல சேராது. சிங்கப்பூர்காரங்களுக்கும் இதே தான்.

கேள்வி: வூஹான்ல எக்ஸ்1 படிப்பு விசால மாஸ்டர்ஸ் பண்றேன். சம்மர்ல ஷென்ஜென்ல இன்டர்ன்ஷிப் வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்சி 6,000 யுவான் கேக்குது. – வூஹான்

பதில்: விசாவ தெளிவா எழுதியிருக்கீங்க, வாழ்க. உங்களுக்கு ஏஜென்சியே தேவையில்ல. யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல சம்மதக் கடிதம், கம்பெனிகிட்ட எவ்ளோ நாள், எங்க, என்ன வேலைன்னு ஒரு லெட்டர், ரெண்டையும் எடுத்துட்டு விசா, பர்மிட் பாக்குற போலீஸோட எக்ஸிட்-என்ட்ரி ஆபீஸுக்கு போய் ரெசிடென்ஸ் பர்மிட்ல இன்டர்ன்ஷிப் குறிப்ப ஏத்துங்க. ஏத்துன பிறகு தான் மொத நாள் வேலைக்கு போகணும், போயிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்னு இருக்காதீங்க. குறிப்புல எந்த கம்பெனியோ அங்க மட்டும் தான்.

கேள்வி: எம்பிபிஎஸ் கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்ப வேற ஊர் ஹாஸ்பிட்டல்ல பண்ண ஏற்பாடு பண்றாங்களாம், போலாமா? – ஒரு அம்மா, சேலம்

பதில்: வேணாம்மா. 2021 நவம்பர்ல நம்ம தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) போட்ட விதிப்படி வெளிநாட்டுல 54 மாசம் படிப்பும் 12 மாசம் இன்டர்ன்ஷிப்பும் படிச்ச அதே நிறுவனத்துல முடிக்கணும், அதுக்கு மேல இங்க வந்து 12 மாசம். ஏஜென்சி பேச்ச நம்பி பையன் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஆபத்து வரவச்சுக்காதீங்க.

கேள்வி: கே விசா வந்துடுச்சாமே? கம்பெனியே வேணாமாம், நேரா போயிடலாம்னு சொல்றாங்க. நான் பிகாம். – மதுரை

பதில்: 2025 அக்டோபர் 1ல இருந்து வந்துச்சு. இளம் அறிவியல்-தொழில்நுட்ப ஆளுங்களுக்கு. பிகாமுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? "கே விசா கன்ஃபர்ம்"னு எவனாவது காசு கேட்டா நம்பர பிளாக் பண்ணுங்க.

கேள்வி: மார்க்கெட்டிங் இன்டர்ன்னு கூட்டிட்டு போய் இப்ப செங்டூல ஒரு கிண்டர்கார்டன்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க விட்டிருக்காங்க. மாசம் 5,000 யுவான் கையில குடுக்குறாங்க, குழந்தைங்க நல்லா பழகுதுங்க. தொடரலாமா அக்கா? – செங்டூ

பதில்: மொதல்ல நான் அக்கா இல்ல. ரெண்டாவது, தொடராதீங்கம்மா. அங்க மொழி டீச்சர்னா தாய்மொழியா அந்த மொழி இருக்குற நாட்டுக்காரரா இருக்கணும், டிகிரியும் பொதுவா 2 வருஷ அனுபவமும் வேணும், வேலைக்கான இசட் விசா வேணும். இந்திய பாஸ்போர்ட்ல இங்கிலீஷ் டீச்சரா பர்மிட் வாங்குறது குதிரைக்கொம்பு. கையில காசா குடுக்குறாங்கன்னா பேப்பர்ல உங்க பேர் வரக்கூடாதுன்னு தான். இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு "இன்னைக்கு லீவு எடுத்துக்கோ"ன்னு சொல்லியிருப்பாங்களே, சொன்னாங்களா இல்லயா? இந்த மாசத்தோட நிறுத்திட்டு, விசா தேதி முடியுறதுக்குள்ள கெளம்புங்க. தேதி தாண்டுனா நாளைக்கு 500 யுவான், 10,000 வரைக்கும் போடுவாங்க.

கேள்வி: சைனா கம்பெனி, டேட்டா என்ட்ரி இன்டர்ன், மாசம் 80 ஆயிரம், ஃபீஸ் கிடையாது. முதல்ல பாங்காக்ல 10 நாள் ட்ரெய்னிங்னு டிக்கெட் போட்டுட்டாங்க. – விழுப்புரம்

பதில்: ஏறாதீங்க. 2022ல நம்ம பசங்க எத்தனை பேர் இப்படி தாய்லாந்து போய் எல்லை தாண்டி மியான்மர் மியாவாடில ஆன்லைன் மோசடி கும்பல்கிட்ட மாட்டி, அடி வாங்கி, அரசாங்கம் போய் மீட்டுட்டு வந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. இது சைனாவும் இல்ல, இன்டர்ன்ஷிப்பும் இல்ல. டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு போலீஸ்ல ஒரு கம்ப்ளைண்ட் குடுங்க.

கேள்வி: ரூம் நானே பாத்துக்கலாம்னு இருக்கேன். அட்வான்ஸ் எப்படி? – பெங்களூரு

பதில்: மூணு மாச வாடகையும் ஒரு மாச டெபாசிட்டும் சேத்து முதல்லயே கேப்பாங்க, ரெண்டு மாசம் இருக்கப்போற உங்களுக்கு அது ஒத்து வராது, ஷேரிங்ல யாராவது காலி பண்ற ரூமா பாருங்க. அத விட முக்கியம், ஹோட்டல் இல்லாம எங்க தங்குனாலும் 24 மணி நேரத்துக்குள்ள அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல பதியணும். ஹோட்டல்னா அவங்களே பதிஞ்சுடுவாங்க. ஸ்டேஷன்ல வாடகை ஒப்பந்தம், ஓனர் ஐடி காப்பி, உங்க பாஸ்போர்ட் கேப்பாங்க, குடுத்தா ஒரு பேப்பர் அடிச்சு சீல் வச்சு தருவாங்க, அத தொலைக்காதீங்க, விசா நீட்டிக்கிறதுல இருந்து எல்லாத்துக்கும் கேப்பாங்க. ஓனர் ஐடி காப்பி தர மாட்டேன்னா, உள்வாடகைக்கு விட்டது வெளிய தெரியக்கூடாதுன்னு இருக்கலாம், வேற ரூம் பாருங்க. பதியாம விட்டா 2,000 யுவான் வரைக்கும் அபராதம். ஏஜென்சி குடுக்குற ரூம்லயும் இத கேளுங்க, "பண்ணிட்டோம்"னா பேப்பர காட்ட சொல்லுங்க. பாஸ்போர்ட்ட "சேஃப்டிக்காக" ஏஜென்சிகிட்ட குடுத்து வைக்காதீங்க.

கேள்வி: வாட்ஸப், ஜிபே வேலை செய்யுமா? – நாகர்கோவில்

பதில்: ஜிபே இல்ல. அலிபேல நம்ம மாஸ்டர்கார்ட சேத்துக்கலாம், 200 யுவானுக்கு மேல ஒரு பில்லுன்னா 3 சதவீதம் புடிப்பாங்க, போறதுக்கு முன்னாடி பேங்க்ல வெளிநாட்டு டிரான்சாக்‌ஷன ஆன் பண்ணிடுங்க. வாட்ஸப், கூகுள், இன்ஸ்டா எல்லாம் லோக்கல் நெட்ல பிளாக், நம்ம சிம் ரோமிங்ல போட்டா வரும். ஆபீஸ் பூரா வீசாட்ல தான் ஓடும், ஆனா 2020 ஜூன்ல இந்தியால தடை பண்ண 59 ஆப்ல அதுவும் ஒண்ணு, அதனால அம்மாகிட்ட பேச அத நம்பாதீங்க.

கேள்வி: எந்த மாசம் போனா நல்லது? – கரூர்

பதில்: ஜனவரி கடைசி, பிப்ரவரி வேணாம். சைனீஸ் நியூ இயருக்கு ஆபீஸ் ஒரு வாரம் மூடும், ஃபேக்டரி பக்கம்னா முன்ன பின்ன ரெண்டு மூணு வாரம் ஆளே இருக்காது, நீங்க கட்டுன மாசம் அதுலயே போயிடும். அக்டோபர் மொத வாரமும் லீவு. டெக்ஸ்டைல் ஆள்னா ஏப்ரல்-மே கான்டன் ஃபேர் சமயம் குவாங்சோல இருங்க. அப்புறம், மத்தியானம் சாப்டுட்டு எல்லாரும் லைட்ட அணைச்சுட்டு டெஸ்க்குக்கு அடியில இருந்து மடக்கு கட்டில இழுத்துப் போட்டு தூங்குவாங்க, அந்த நேரத்துல போன்ல சத்தமா பேசிடாதீங்க.

கேள்வி: நெய், கருவேப்பிலை, பவர் பேங்க் கொண்டு போலாமா? – ஈரோடு

பதில்: நெய் பால் பொருள்ல வரும், கருவேப்பிலை பச்சை இலை, ரெண்டையும் கஸ்டம்ஸ்ல எடுத்து போட்டுடுவாங்க. மிளகாய்த்தூள் பாக்கெட்ட பிரிக்காம வைங்க. பவர் பேங்க்ல அவங்க 3சி தரச்சான்று முத்திரை இல்லன்னா 2025 ஜூன் 28ல இருந்து சைனா உள்நாட்டு ஃபிளைட்ல ஏத்த விடுறதில்ல, அதனால அத அங்க போயே வாங்கிக்குங்க. நீங்களும் விசா என்னன்னு எழுதல, பரவால்ல, நெய்க்கு தேவையில்ல.