வாசகர் கேள்வி: டிரேக் இருக்க, ஹோவர்டு ஏன் தளபதி?

கேள்வி: 1588-ல் இங்கிலாந்தைத் தாக்க ஸ்பெயின் அனுப்பிய ஆர்மடா என்ற பெரும் கப்பற்படையை எதிர்த்த ஆங்கிலக் கடற்படைக்கு, பேர்பெற்ற மாலுமி டிரேக்கை விட்டுவிட்டு சார்லஸ் ஹோவர்டைத் தலைவராக்கியது ஏன்? உறவுக்காரர் என்பதாலா?

பதில்: உறவும் ஒரு காரணம்தான். எலிசபெத் ராணியின் தாய் ஆன் பொலினுக்கு ஹோவர்டு மாமன் மகன். அவருடைய தந்தையும் கடற்படைத் தலைவராக இருந்தவர். ஆனால், டிரேக், ஹாக்கின்ஸ், ஃப்ரோபிஷர் ஆகிய மூன்று கடல் தளபதிகளையும் ஒரே கட்டளைக்குள் வைக்க ஒரு பிரபுவால்தான் முடிந்திருக்கும். டிரேக்கின் கீழ் ஃப்ரோபிஷர் அடங்கியிருப்பார் என்று நம்ப முடியாது. 1585-ல் கடற்படைத் தலைவராகப் பதவியேற்ற ஹோவர்டு, போர் ஆலோசனைக் குழுவில் இவர்கள் பேச்சைக் கேட்டே முடிவெடுத்தார்.

பிரான்சின் கலே துறைமுகத்துக்கு வெளியே எதிரி நங்கூரமிட்டிருந்தபோது, எட்டுக் கப்பல்களில் தார் பூசி, பீரங்கிகளில் வெடிமருந்தை நிரப்பி, தீ மூட்டி நள்ளிரவில் காற்றோடும் நீரோட்டத்தோடும் அனுப்பினார்கள். ஒரு ஸ்பானியக் கப்பலும் எரியவில்லை. ஆனால் பதற்றத்தில் நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டு ஓடியதில் அணிவகுப்பு கலைந்தது. பின்னர் அயர்லாந்துக் கரையில் புயலில் சிக்கியபோது, நங்கூரம் இழந்த கப்பல்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

தீக்கப்பல்களை அனுப்பிய மறுநாள் காலை ஹோவர்டு செய்தது, என் பார்வையில், தவறு. தரைதட்டிய சான் லொரென்சோ என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடிக்கப் போய், அன்று கிராவ்லின் அருகே நடந்த கடற்சண்டைக்குத் தாமதமாக வந்தார்.

போருக்குப் பின் மாலுமிகள் நோயிலும், சம்பளம் வராமலும் மடிந்தபோது, தன் கைப்பணத்தைக் கொடுத்து உதவினார். 1596-ல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின் மீது தாக்குதல், 1597-ல் நாட்டிங்ஹாம் ஏர்ல் என்ற உயர்நிலைப் பிரபு பட்டம். கடற்படைத் தலைவர் பதவியை 1619-ல்தான் விட்டார்.